ஒரு நாளைக்கு நான்கு டயர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று கத்திவிட்டுப் போனவன்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

நேற்று காரை வருடாந்தரப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பரிசோதகர் டயரில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். "என்னங்க, என் தலை மாதிரி வழுவழுன்னு இருக்கு?" என்றார். அவருக்குச் சுத்தமாக வழுக்கை. நானும் சிரித்து வைத்தேன். "நாலையும் மாத்திட்டு பத்து நாளுக்குள்ள வாங்க. இல்லன்னா வண்டிய எடுத்துக்குவோம்" என்றார். கையில் இருந்ததெல்லாம் பிரேக்குக்கே போய்விட்டது.

மாமாவின் காரும் அதே மாடல்தானே? அதன் நான்கு டயரையும் ஒரே ஒரு நாள் மாட்டிக்கொள்கிறேன். சாயங்காலத்துக்குள் திருப்பி மாட்டிவிடுவேன். தப்புதான். மாமா என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை அக்கா.

பரிசோதனைக்கு வண்டி காலியாக இருக்க வேண்டுமாம். அதனால் இரண்டு தலையணை, ஸ்டவ், குட்டியின் பள்ளிக்கூடப் பை, அம்மா படம், எல்லாவற்றையும் அன்றைக்கு மட்டும் உன் வீட்டில் வைத்துக்கொள். இதெல்லாம் எதற்குக் காரில் என்று கேட்காதே. குட்டியும் உன்னோடு இருக்கட்டும். வளர்கிற பிள்ளை, ஒரு பகலாவது காலை நீட்டிப் படுக்கட்டும். நான் வெளியிலேயே நிற்கிறேன்.

இன்னும் ஒன்று. என் காரின் டயரைக் கழற்றும்போது அவளை உள்ளே கூட்டிப் போய்விடு. பார்த்தால், "நம்ம வீட்ட ஏன்ப்பா பிரிக்கிறாங்க?" என்று அழுவாள்.

உன் தம்பி