சூரை மீனும் உருகிய ஐஸும்

செப். 10, செவ்வாய்

அனலாய் வீசும் கச்சான் காற்று. தொண்டை வறண்டு கிடக்கிறது. ஏழாம் வகுப்பில் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் படிப்பித்தேன். ஐஸ் உருகுதல் - பௌ. ஆணி துருப்பிடித்தல் - இர. அப்பமா புளித்தல் - இர. எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நிறம், மணம், சூடு, வாயு. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

பின்னேரம் இவர், மகளின் வாப்பா, சூரை மீன் லொறியோடு மலைநாட்டுக்குப் புறப்பட்டார். மகளுக்குச் சளி. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

செப். 12, வியாழன்

நேற்று முழுக்க ஊரடங்கு. பள்ளிக்கூடம் இல்லை. பாதையை மூடி லொறியை வழியிலேயே மறித்துவிட்டார்களாம். பகல் முழுக்க வெயிலில். ஐஸெல்லாம் தண்ணீராகி ஓடிவிட்டது. காலையில் திரும்பி வந்தார், கண் சிவந்து. தன் தம்பி ஜபீரைக் கூப்பிட்டுப் புது ஐஸ் போட்டு அடுக்கினார். ஜபீர் போனபின் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார்.

"பாரு, கல்லு மாதிரி இரிக்கி."

மணந்து பார்த்தேன். கெட்ட வாடை ஒன்றும் இல்லை. கண் மட்டும் கொஞ்சம் மங்கல். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

"தண்ணி திரும்பவும் ஐஸாகும். மீன் அப்பிடித் திரும்பாதுங்க. விக்க வேணாம்."

பள்ளிக்கூடத்துக் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள் என்றார். அந்த மீனைத் தானே வெட்டி ஆக்கி, எனக்குக் காட்டுவதற்காகவே சாப்பிட்டார். மகளுக்கு நான் கொடுக்கவில்லை.

அசர் தொழுகைக்கு முன்பே முகமெல்லாம் சிவப்பு. நாக்கு எரிகிறதாம். நெஞ்சுப் படபடப்பு, வாந்தி. மறுபடியும் ஊரடங்கு, எங்கே கொண்டு போவது? பக்கத்து வீட்டு மருத்துவிச்சி வந்து பார்த்தார். வெயில் பட்ட சூரை இப்படித்தான் செய்யுமாம், சமைத்தாலும் போகாதாம். குர்ஆனை எடுத்து யாஸீன் ஓதினேன். காலையில் இருந்த கோபம் போய் வெறும் பயம்.

செப். 13, வெள்ளி

சிவப்பு வடிந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். எழுந்ததும் மீனைப் புதைக்க வேண்டும் என்றார். போய்ப் பார்த்தால் பாதிப் பெட்டிகள் இல்லை. ஊரடங்கு தளர்ந்ததும் ஜபீர் வந்து, சைக்கிள் வியாபாரிகளிடம் சாகாமம் கிராமத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டான். கூடப்பிறந்த காக்கா வாந்தியெடுத்துக் கிடந்தது அவனுக்குத் தெரியாது.

உடனே சாகாமத்துக்குப் போக இவர் சைக்கிளை எடுத்தார். மறித்தேன்.

"தெரிஞ்ச பொறகு எப்பிடிப் புள்ள வீட்டில இரிக்கிற?"

மஃரிப் ஆகி இருட்டியும் வரவில்லை. சோறு ஆறிக் கிடக்கிறது.

செப். 14, சனி

ஊரடங்கால் அங்கேயே தங்கி, விடியத்தான் வந்தார். வீடு வீடாக ஏறியிருக்கிறார். சிலர் சட்டியோடு கொட்டினார்களாம். சில வீடுகளில் முந்தியே சாப்பிட்டாயிற்று. பிள்ளைகளுக்கு வாந்தி. ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில். தேறிவிடும் என்கிறார்களாம். அதன் தாய் ஏசவில்லை. "சொல்ல வந்தீங்க, அது போதும். இனி இந்தப் பக்கம் மீன் கொண்டு வராதீங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மணக்கவே இல்லையே புள்ள" என்றார் கடைசியில்.

நானும் மணந்துதானே பார்த்தேன்.

ஜபீர் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனான். நாளைக்கு மீன் எடுக்க வருவாரா என்று தோணிக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். வரமாட்டேன் என்று சொல்லச் சொன்னார் இவர். சொல்லிவிட்டு வந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.