மகாராணியிடம் நீயே பேசு

என் வாயாடிக்கு உன் வீட்டுக்காரன் எழுதுவது,

நான் நலம். நீ வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? அதைத் தூக்கிக்கொண்டே திரிந்து இடுப்பு வலியைக் கூட்டிக்கொள்ளாதே. போன் இருக்கும்போது இவனுக்கு ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வருவதில்லை. எழுதும்போது கொஞ்சம் தைரியம் வருகிறது.

போன ஞாயிறும் வழக்கம்போல உன் மகாராணியின் காதில் போனை வைக்கச் சொன்னாய். மேய்ச்சலுக்குப் போயிருக்கிறாள் என்றேன். போகவில்லை. கொட்டிலில்தான் படுத்திருந்தாள். கோமாரி நோய், வாயிலும் காலிலும் புண்.

போன மாதம் தடுப்பூசி போட மாட்டு டாக்டரம்மா வந்தார். ஊசி போட்டால் நாலு நாள் பால் குறையும் என்று பால் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். கன்று போட்ட புதிது, மடி நிறையப் பால். விட மனசு வரவில்லை. தாயையும் கன்றையும் வைக்கோல் அறையில் அடைத்துவிட்டு, மாட்ட வித்தாச்சு என்று வாய் கூசாமல் சொன்னேன். உன்னைப்போல வாய் ஓயாதவள், அன்றைக்கென்று மூச்சுக் காட்டவில்லை. ஒரு தடவை கத்தியிருந்தால் தப்பித்திருப்பாள்.

கன்று இல்லை. புண்ணோடு கிடந்த தாயிடம் பால் குடித்தது, மறுநாளே போய்விட்டது. நீ பேர் வைக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

நோய் காலடியில் ஒட்டிக்கொண்டு போகுமாம். அதனால் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவைத் தவிர யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை, நானும் எங்கும் போவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் மாடுகள் ஊசி போட்டவை, ஜம்மென்று நிற்கின்றன. அவர் சோற்றுத் தூக்கை வேலியில் மாட்டிவிட்டு, தும்ப விட்டுட்டு வாலப் பிடிக்கிறியேப்பா என்று எட்ட நின்று கத்திவிட்டுப் போகிறார். திட்டுதான். ஆனாலும் அதைக் கேட்க முன்னாடியே போய் வேலியோரம் நின்றுகொள்கிறேன்.

டாக்டரம்மா என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அவர் சொன்னபடி வாயைக் கழுவித் தேன் தடவுகிறேன். கால் புண் ஆறி வருகிறது. ஆனால் மூன்று நாளாகக் கஞ்சியைத் தொடவில்லை. தின்றால் பிழைத்துக்கொள்வாள் என்கிறார். நான் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கன்று படுத்த இடத்தையே பார்க்கிறாள்.

என் பட்டன் போனில் முடியாது என்பதால், டாக்டரம்மாவே இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புகிறார். ஞாயிறு வரை காத்திருக்காதே, உடனே கூப்பிடு. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். முதலில் அவளிடம் பேசு. தங்கம், கண்ணு என்று கொஞ்சுவாயே, அப்படியே கொஞ்சிச் சாப்பிடச் சொல். ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகே பிடித்துக்கொள்கிறேன்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அவளிடம் பேசி முடித்ததும் சட்டென்று வைத்துவிடாதே. பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், எனக்கும் கேட்கும்.

உன்
வீட்டுக்காரன்