அப்பாவின் இடுப்பளவும் ஆறு எண்களும்

லிப்பா
அக்டோபர் 22

அன்பு மகள் மரிபெலுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நாயும் இங்கே சுகம், தாய்வானில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று செபஸ்தியாரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாம் போனில் பேசும்போது உன் அப்பா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அவர் காதில் விழக்கூடாத சங்கதி இது. அதனால்தான் உன் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகிற கிளாரிசாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கருவாடும் ஒரு பொட்டலம் பராக்கோ காப்பித்தூளும் இருக்கிறது. கடிதத்தை முழுக்கப் படித்த பிறகுதான் காப்பிப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும், முதலில் பிரித்தாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

லோட்டோ விஷயத்தில் எனக்கும் உன் அப்பாவுக்கும் எத்தனை வருஷச் சண்டை என்று உனக்குத் தெரியும். நான் நாற்பத்திரண்டுக் கட்சி, அவர் ஐம்பத்தெட்டுக் கட்சி. நடுவில் நாற்பத்தைந்து, நாற்பத்தொன்பது, ஐம்பத்தைந்து என்று மூன்று ஆட்டங்கள் இருக்கின்றன, நடுப்பிள்ளைகளை யார் கவனிக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஆறு எண்கள்தான், ஆனால் நாற்பத்திரண்டு பந்துகளிலிருந்து ஆறு எடுப்பதும் ஐம்பத்தெட்டிலிருந்து ஆறு எடுப்பதும் ஒன்றா? சீட்டு விற்கிற ஜோவிதா ஒரு நாள் எனக்கு விளக்கினாள், "அக்கா, நாப்பத்திரண்டுல அம்பத்திரண்டு லட்சத்துல ஒரு வாய்ப்பு, அம்பத்தெட்டுல நாலு கோடியில ஒண்ணு, அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள். அதை வந்து சொன்னால் உன் அப்பா, நாற்காலியில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு ஒரு ஆள் உட்கார்ந்திருக்க, "நாலு கோடியில ஒருத்தனுக்கு விழத்தானே போகுது, அந்த ஒருத்தன் இந்த நிகனோரா இருந்தா உனக்கென்னடி வயித்தெரிச்சல்" என்று கேட்டார். கோயில் திருவிழாக் குலுக்கலில் இதுவரை ஒரு பிளாஸ்டிக் வாளிகூட விழாத மனுஷன் பேசுகிற பேச்சா இது. நுரைக்காரரும் அவர் பக்கம்தான் தலையாட்டினார், கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது வேறென்ன செய்வார் பாவம்.

இந்த மாதம் ஐம்பத்தெட்டுக்கு யாருக்கும் விழாமல் பரிசு ஏறிக்கொண்டே போனதில் ஊருக்கே பித்துப் பிடித்துவிட்டது, முடிவெட்டக் காசில்லாதவனுக்கும் சீட்டு வாங்கக் காசு இருந்தது. உன் அப்பா புதிதாக ஒரு நியாயம் வேறு கண்டுபிடித்தார். நம் ஆறு எண்கள் உனக்கு மறந்திருக்காது. என் பிறந்த தேதி நாலு, கல்யாணத் தேதி இருபது, அவர் பிறந்த தேதி இருபத்தேழு, வீட்டு எண் முப்பத்துமூன்று, அவர் இடுப்பளவு நாற்பத்தொன்று, கடைசியாக நீ. "இப்ப என் இடுப்பு நாப்பத்திநாலு, அந்தச் சின்ன ஆட்டத்துல எனக்கு இடமே இல்லையே, கடவுளே பெரிய ஆட்டத்துக்குப் போடான்னு சொல்றாரு" என்றார். கடவுள் சொல்லவில்லை, லோமி நூடுல்ஸ்தான் சொன்னது. ஐந்து சீட்டுக்கான நூறு பெசோவை நீட்டி, "அஞ்சும் அம்பத்தெட்டுல போடு, உன் நாப்பத்திரண்டுல ஒத்தைப் பைசா போடாதே" என்று மிரட்டி அனுப்பினார்.

நான் நாலு சீட்டைத்தான் அவர் சொன்னபடி போட்டேன் மரிபெல். ஐந்தாவதை நாற்பத்திரண்டில் போட்டேன். இடுப்பளவுக்கும் பழைய நாற்பத்தொன்றையே போட்டேன், நீ ஊரை விட்டுப் போனபோது அவர் அந்த அளவில்தான் இருந்தார். உன் எண்ணுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நீ பிறந்தது டிசம்பர் ஒன்பது, எனக்குத் தெரியாதா, வலித்தது எனக்குத்தானே. ஆனால் உன் அப்பா மூன்று நாள் கூட்டாளிகளோடு லம்பானோக் சாராயத்தில் கொண்டாடிவிட்டு நகராட்சிக்குப் பதியப் போனார், அங்கே குமாஸ்தா "பிள்ளை எப்பப் பொறந்துச்சு" என்று கேட்டதற்கு "இப்பதான்யா" என்று ஆனந்தக் கண்ணீர் விட்டார், அந்த ஆளும் பன்னிரண்டு என்று எழுதிவிட்டான். அந்தத் தேதியால் உன் பள்ளிக்கூடத்தில் தகராறு, ஞானஸ்நானச் சீட்டில் தகராறு, பாஸ்போர்ட்டுக்கு நாம் மூன்று தடவை அலைந்தோம். அந்தப் பயத்தில், பரிசு விழுந்தால் லோட்டோ அலுவலகத்திலும் இது யார் பிறந்த தேதி, காகிதத்தைக் காட்டு என்று கேட்பார்களோ என்று தோன்றிவிட்டது. எதற்கு வம்பு என்று எப்போதும் போடும் ஒன்பதை விட்டுப் பன்னிரண்டைப் போட்டேன். சிரிக்காதே. இல்லை, சிரி, நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை ஜோவிதாவின் கடைப் பலகையில் நாற்பத்திரண்டுக்கு விழுந்த எண்கள் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தன. நாலு, ஒன்பது, இருபது, இருபத்தேழு, முப்பத்துமூன்று, நாற்பத்தொன்று. அவள் கடை முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஜோவிதா என் சீட்டைப் பார்க்கிறாள், பலகையைப் பார்க்கிறாள், மறுபடி சீட்டைப் பார்க்கிறாள், "அக்கா, சீட்டுக்குப் பொறந்த சர்டிபிகேட் எவன் கேட்டான் உங்களை" என்று தலையில் அடித்துக்கொண்டாள். முழுப் பரிசு தொண்ணூறு லட்சம் பெசோ. ஐந்து எண்ணுக்கு இருபத்து நாலாயிரம், வரி போகப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் கையில் வந்தது. அன்றைக்குக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் அழுதேன், அதை மறைக்க மாட்டேன். அப்புறம் உன் அப்பா "இப்பதான்யா" என்று குமாஸ்தாவிடம் சொன்ன முகம் நினைவுக்கு வந்ததும் அடக்க முடியாமல் சிரித்தேன், கோழிகள் எல்லாம் பயந்து ஓடின. ஐம்பத்தெட்டுக் குலுக்கலில் விழுந்தவை வேறு எண்கள், அவருடைய நாலு சீட்டிலும் ஒரு எண்கூட ஒத்துப்போகவில்லை, அடுத்த குலுக்கலில் பார் என்று இன்னும் திரிகிறார்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மணி நேரத்தில் சலூன் முழுக்கத் தெரியும், சாயங்காலத்துக்குள் பாதி லிப்பா வாசலில் நின்று பலாத்தோ கேட்கும், ஜெயித்தவள் கேட்டவனுக்கெல்லாம் பங்கு கொடுக்காவிட்டால் கஞ்சப்பிசினாறி என்று பேர் வாங்குவாள். ஜோவிதாவுக்கு மட்டும் வாயை மூடிக்கொள்ள ஒரு முழுக் கோழி கொடுத்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஐம்பத்தெட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பேராசையால் இல்லை. போன வாரம் கேட்டே விட்டேன், அவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்வீர்கள் என்று. "மரிபெல் திரும்பிப் போகவே வேண்டாம்னு சொல்லணும், அதுக்கு எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியல, அதான் பெருசாப் போடறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு அவ்வளவு பெரிய ஆசைக்குத் தைரியம் இல்லை மகளே. நாலு டிசம்பராக டிக்கெட்டுக் காசு தண்டம், அடுத்த வருஷம் வருகிறேன் என்றே சொல்கிறாய், நானும் சரி சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு உன் தட்டை எடுத்துத் துடைத்து வைக்கிறேன். நீ ஒரு தடவை வந்து போனால் போதும் என்றுதான் சின்ன ஆட்டம் ஆடினேன், அதற்குச் சரியாக விழுந்திருக்கிறது.

இப்போது பொட்டலத்தைப் பிரி. தூளுக்குள் பிளாஸ்டிக் பையில் இருப்பது விமான டிக்கெட், போகவும் வரவும், டிசம்பர் எட்டாம் தேதி மணிலாவில் இறங்குகிறாய். மாற்றவும் முடியாது, பணமாகத் திருப்பவும் முடியாது, விசாரித்துத்தான் வாங்கினேன், அதனால் வழக்கமான சாக்கு எதுவும் செல்லாது. ஒன்பதாம் தேதி நாம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு அந்தத் தொண்ணூறு லட்சக் கதையை உன் அப்பாவிடம் சொல்லப்போகிறேன். இருபத்தெட்டு வருஷமாகக் காத்திருந்து கிடைத்த ஆயுதம், அதை நீ இல்லாமல் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. சீட்டில் அந்தப் பன்னிரண்டை எழுதப் பேனா பிடித்தது என் கைதான் என்பதை மட்டும் நீ சொல்லிவிடாதே.

பக்கத்தில் இருந்தால் குனிந்து என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாய், வைத்துக்கொண்டதாக நினைத்துக்கொள், கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். டிக்கெட்டிலும் உன் பிறந்த தேதி பன்னிரண்டு என்றுதான் போட வேண்டியிருந்தது, விமான நிலையத்தில் யார் கேட்டாலும் பன்னிரண்டு என்றே சொல், நம் வாசற்படி தாண்டிய பிறகு ஒன்பது. அவசியம் வா. கதையைக் கேட்டு அவர் மயங்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டும், நாற்பத்து நாலு அங்குலத்தை நான் ஒருத்தி தூக்க முடியாது.

உன் வருகைக்கு நாள் எண்ணும்
அம்மா பெலிசிதாத்