தலை தூக்கிய பூனை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, கவலைப்படாதீர்கள். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். பூனைகளைப் பற்றிய சித்திரக்கதைப் புத்தகத்துக்கு அட்டைப்படம் வரையும் வேலை எனக்கு வந்தது. நம் வீட்டுப் பூனையையே வரைந்தேன். அதன் தாடைக்கு அடியில் சொறிந்துவிடும் கையும், சுண்டுவிரல் வளைந்து, தானாக வந்து விழுந்தது. யார் கை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதிப்பாசிரியர் பார்த்துவிட்டு, "பூனை பிரமாதம்மா! கை மட்டும் எதுக்கு? எடுத்துடு, தலைப்பு அங்க வரட்டும்" என்றார். அவர் சொன்னது சரிதான். எடுத்துவிட்டேன். இப்போது பூனை கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, வெறும் காற்றில் தலையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

"என்னா சுகம் பாரு இதுக்கு!" என்று அலுவலகமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அம்மா போனதிலிருந்து நம் பூனை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். உங்களுக்குப் பூனை என்றாலே ஆகாது, தெரியும். இருந்தாலும் சாயங்காலம் கொஞ்சம் அதன் தாடையைச் சொறிந்துவிடுங்கள். நகம் படாமல், அம்மா செய்கிற மாதிரி விரலை மடக்கி. அப்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி அத்தையிடம் சொல்லுங்கள்.

பதிப்பாசிரியர் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன். படத்தில் உங்கள் கையும் நன்றாகத் தெரியட்டும் அப்பா. அதை யாரும் எடுக்கச் சொல்ல முடியாது.

உங்கள் மகள்