பதில் கை

அன்புள்ள ஆலங்கட்டிக்கு,

இருபத்துமூன்று களக்குழுக்களின் தளபதியும், அளவைக் கருவிகளைத் தாங்கும் நாற்பத்தாறு முக்காலிகளின் காவலரும், தான் அளக்காத நிலம் இனிக் கடலுக்கு அடியில்தான் மிச்சம் என்று கூசாமல் சொல்லக்கூடியவருமான உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, குளியலறையில் ஒழுகும் குழாய் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் புது வேலையும் ஒருவரையொருவர் கடித்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் வழக்கை முடிப்போம். இந்த ஒரு மாதத்தில் நீ என்னைப் பதினொரு முறை கூப்பிட்டாய். பதினொரு முறையும் உன் அத்தைதான் எடுத்தாள். பதினொரு முறையும் "மாமா குளிக்கறார்" என்றாள். அவ்வளவு குளித்தால் மனுஷன் கரைந்தே போயிருப்பான் என்று உனக்குத் தோன்றாமலா இருக்கும்? கடைசி முறை நீ கேட்டதை அவள் அப்படியே வந்து சொன்னாள். "மாமாவுக்கு என் மேல கோபமா அத்தை? அவர் கம்பெனியில சேராம இங்க வந்துட்டேனே, அதுக்கா?"

கோபம் இல்லை, கண்ணு. குரல் இல்லை.

பதறாதே, உட்கார்ந்து படி. தொண்டையில் மிளகளவு ஒரு கட்டி இருந்தது. எடுத்துவிட்டார்கள். சோதனைக்கு அனுப்பி, கெட்டது ஒன்றும் இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை உன் அத்தை துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள், யாரோ திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதைப் போல. ஆனால் நான்கு வாரம் ஒரு சொல் பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது நான்தான். ஒரு வரி மெசேஜ் போட்டிருக்கலாமே என்பாய். போட்டிருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாய். சேர்ந்த முதல் மாதமே லீவு கேட்டு நிற்க வேண்டாம் என்று பார்த்தேன். அத்தையைத் திட்டாதே.

என் குரல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். காலை ஆறரைக்கு நான் ஃபோனில் ஆரம்பித்தால் மூன்று மலைக்கு அப்பால் இருக்கும் குழுவுக்கு ஃபோனே தேவைப்படாது. யார் எந்த இடத்துக்கு, எந்த வண்டியில், எந்தக் கருவியோடு, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, நிலத்துக்காரர் நாயை அவிழ்த்துவிட்டால் எங்கே ஓடுவது என்று இருபத்துமூன்று குழுவுக்கும் கத்தி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்தக் கத்தல்தான் என் உத்தியோகம். அது போனதும் எங்கள் நிர்வாகி மரியாதையாகத்தான் கேட்டார். "கொஞ்ச நாள் வரைபட அறையில உக்காருங்களேன், ஏசி இருக்கு" என்றார். இருபத்தாறு வருஷம் வெயிலில் நின்றவனுக்கு, அந்த ஏசியின் பேரைக் கேட்டதுமே குளிர் எடுத்தது. ஒரு வாரம் கொடுங்கள் என்று எழுதிக் காட்டினேன்.

அந்த வாரத்தின் முதல் நாளே என் வீரம் வெளிப்பட்டது. உத்தரவுகளை எழுதி அனுப்பிப் பார்த்தேன். பாதிப் பேர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் கண்ணாடியை வீட்டில் மறந்திருந்தார்கள். சரி, வீடியோவில் கை ஜாடை காட்டுவோம் என்று இறங்கினேன். எங்கள் தொழிலில் கருவிக்குப் பின்னால் நிற்பவரும் அரை கிலோமீட்டர் தள்ளிக் கோல் பிடிப்பவரும் கையால்தானே பேசிக்கொள்வோம். எந்தப் பக்கம் கை நீளுகிறதோ அந்தப் பக்கம் நகர வேண்டும்.

ஆறாம் குழுவின் தலைவரை நாங்கள் முக்காலி என்போம். அந்த உயரத்துக்கு இன்னொரு கால் மட்டும் இருந்திருந்தால் கருவியை அவர் தலையிலேயே பூட்டிவிடலாம். அவர் ஏரியின் மதகில் நின்று, எந்தக் கரையை அளக்க வேண்டும் என்று கேட்டார். நான் கம்பீரமாக வலது கையை நீட்டினேன். வெட்டவெளியில் நீட்டிய கைக்குத் திசை உண்டு. ஃபோனுக்குள் அடைத்த கைக்கு ஏது? என் வலது அவருக்கு இடதாகிப் போனது. முக்காலியும் கூட்டமும் பகல் முழுக்கத் தப்பான கரையை அளந்தார்கள். எப்படி அளந்தார்கள் தெரியுமா? சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே முடித்தபோது பிழை நான்கே மில்லிமீட்டர். யாருக்கும் வேண்டாத ஒரு கரை உலக வரலாற்றில் இவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டதே இல்லை.

அன்று மாலை நான் மேஜையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். இதில் மிகைப்படுத்தல் இல்லை. பென்சில் டப்பா வரைக்கும் பைக்குள் போய்விட்டது. அப்போது முக்காலி வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மில்லிமீட்டர். பதினான்காம் குழுவின் தலைவி, வீட்டுச் சுவரில் படம் மாட்டினால்கூட மட்டம் பார்க்காமல் ஆணி அடிக்காத பெண்மணி. "எங்க சார் கிளம்பிட்டீங்க? நாளையிலிருந்து எங்களை யார் திட்டுவா?" என்றாள். முக்காலி தரையைப் பார்த்தபடியே, "தப்பு உங்க கையில இல்ல சார், ஃபோன்ல இருக்கு. வெளியில நின்னு காட்டுங்க, நாங்க வந்து நிக்கிறோம்" என்றார்.

மறுநாள் ஆறரைக்கு அலுவலக வாசலில் இருபத்துமூன்று வண்டிகள். வீட்டிலிருந்து நேராக வேலையிடத்துக்குப் போகிறவர்கள்கூட அரை மணி முன்னால் எழுந்து, சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வண்டிக்கு ஒருவராகத் தலைவர்கள் கீழே, நான் மாடி வராந்தாவில், எனக்குப் பின்னால் பலகையில் வேலையிடங்களின் எண்கள். நான் விரலால் எண்ணைக் காட்டிக் கையை நீட்டினால், அவர்கள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து மேலும் கீழும் அசைப்பார்கள். புரிந்தது, சரி என்று அர்த்தம். அந்தப் பதில் கை வராமல் அடுத்த குழுவுக்குப் போகக் கூடாது என்பது களத்துச் சட்டம். பறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கொக்குக் கூட்டம் மாதிரி இருந்தது. பதினொரே நிமிஷத்தில் வாசல் காலி. நிர்வாகி ஜன்னலில் காபியோடு நின்று, அது ஆறும்வரை பார்த்தாராம். வரைபட அறைப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. "இந்த ஆபீஸ் இவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்ல" என்று மட்டும் சொன்னார். பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று, இன்னும் தினமும் வருகிறார்கள். இவர்களிடம் நான் கத்தாத கத்தல் இல்லை. ஒருவரும் அதை நினைவு வைத்திருப்பதாகத் தெரியவில்லை. நன்றி என்பதற்கு எங்கள் கை மொழியில் ஜாடையே கிடையாது என்பதை இப்போதுதான் கவனித்தேன். நேற்று வண்டிகள் கிளம்ப ஆரம்பித்தபோது மனசு கேட்காமல் கையை நெஞ்சில் வைத்தேன். முக்காலி அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, சாருக்கு நெஞ்சு வலி" என்று கத்த, எட்டுப் பேர் படியேறி ஓடி வந்து என்னைத் தரையில் படுக்க வைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்குக் குரலா இருக்கிறது? மில்லிமீட்டர்தான் நாடி பிடித்துப் பார்த்து விடுதலை கொடுத்தாள்.

நீ எங்கள் கம்பெனியில் சேராததும் நல்லதுதான். சேர்ந்திருந்தால் ஆறே மாதத்தில் எனக்கு மேலதிகாரியாகி, என்னைத் தப்பான கரைக்கு அனுப்பியிருப்பாய். உனக்கு வேலை கிடைத்த செய்தியை நான் இருபத்துமூன்று குழுவுக்கும் தனித்தனியாகக் கத்திச் சொன்னேன். மறுநாள்தான் ஆஸ்பத்திரியில் படுத்தேன். அதனால் என் பழைய குரல் கடைசியாகச் சொன்ன பெரிய செய்தி அதுதான். நீ தேடிப் போன இடத்தில் நீ கால் ஊன்றும் மண் உறுதியாக இருக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில், பேச்சுப்போட்டி மேடையில், மூன்றாவது வரியில் மறந்துபோய் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் கடைசி வரிசையில் நாற்காலி மேல் ஏறி இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினேன். பக்கத்தில் இருந்தவர் நான் காக்கை விரட்டுவதாக நினைத்து மேலே பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் அத்தைக்குத் தெரியாமல் நாம் பேசிய ஜாடைதானே, உனக்குப் புரிந்தது. இந்தப் புள்ளி சரி, அடுத்ததுக்குப் போ. நான்காவது வரி கடகடவென்று வந்தது. பரிசு வராதது நடுவர்களின் அறியாமை.

வருகிற புதன்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரம்மா என்னை முதல் தடவையாகப் பேசச் சொல்வார். ஒரு பக்கத்து நரம்பு சோம்பல் முறிக்காமல் கிடக்கிறதாம். "பழைய மாதிரி வரலாம், வெறும் காத்து மட்டும் வரலாம், பார்ப்போம்" என்றார். முதலில் 'ஆ' சொல்லச் சொல்வார்களாம். ஆ எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும், கூடவே 'லங்கட்டி'யையும் சேர்த்துவிடுகிறேன் என்று உன் அத்தையிடம் எழுதிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒழுகும் குழாயை இறுக்க ஆரம்பித்தாள். மூன்று பிளம்பர்கள் தோற்றுப்போன குழாய் அது. வெகுநேரம் இறுக்கினாள்.

அதனால் முன்னே சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு நாள் லீவு கேள். டாக்டரம்மாவின் அறைக்குக் கண்ணாடிக் கதவு, வெளியே நீளமான நடைவழி. நீ அதன் கடைசியில் நில், கிட்டே வராதே. கிட்டே வந்தால் என் வீராப்பு கலைந்துவிடும். இந்த முறை மேடையில் நான், கடைசி வரிசையில் நீ. குரல் வந்தால் உன் பெயர் மூன்று மலை தாண்டிக் கேட்கும். ஆ மட்டும் வந்தால் மீதியை நீயே போட்டுக்கொள். ஒன்றும் வராவிட்டால் நான் திரும்பி உன்னைப் பார்த்து இரண்டு கைகளையும் விரிப்பேன். நீயும் விரிக்க வேண்டும். பதில் கை பார்க்காமல் உன் மாமா அடுத்த புள்ளிக்கு நகர்ந்ததில்லை.

வராந்தாவிலிருந்து கையை நீட்டியபடி,
உன் மாமா