பூசணி என்று நீ எழுதியது

என் சாந்தாமணிக்கு,

எங்கே இருந்தாலும் வெயில் படாத இடத்தில் இரு, தாயே. இங்கே ஆனி பிறந்துவிட்டது. நீ இல்லாத முதல் கோடையை நானும் மலரும் ஒருவழியாகத் தாண்டிவிட்டோம். மலர் ஏழாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். இதே முதலிபாளையத்துப் பள்ளிக்கூடம்தான். "இதே" என்று ஏன் அழுத்திச் சொல்கிறீர்கள் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வீட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு கதவுள்ள லைன் வீட்டில் கடைசிக் கதவு நம்முடையது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஒரே அறையில் அடுப்பு, கட்டில், மலரின் புத்தகப் பை எல்லாம். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நீ அதே கம்பெனியில் செக்கிங். சித்திரையில் மதியம் அந்த அறைக்குள் நுழைந்தால் கம்பெனியின் அயர்னிங் டேபிளே தேவலை என்று இருக்கும்.

அந்த அறைக்குள் கோடையை நீ எப்படி நடத்தினாய் என்பது இப்போது நான் தனியாகச் செய்து பார்க்கும்போதுதான் புரிகிறது. பங்குனி பிறந்தால் அடுப்பு காலையில் ஒரு தடவைதான். ஷிப்டுக்குப் போவதற்குள் மூன்று பேருக்கும் மூன்று வேளைக்கும் ஆகிவிடும். சுவரோரம் சுரை விதை ஊன்றி, கயிறு கட்டி, கொடியை ஷீட் மேல் ஏற்றிவிட்டாய். நிழலும் ஆயிற்று, காயும் ஆயிற்று. குடிக்க ஆகாத போர் தண்ணீரில் பனியன் கட்பீஸை நனைத்து மண்பானையைச் சுற்றிக் கட்டி, உள்ளே தயிரும் கீரையும் வைப்பாய். கரண்ட் போனால் ஹவுஸ் ஓனர் வீட்டு அக்காவே பால் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நம் பானையைத் தேடி வருவார்.

எல்லாரும் திங்கள், செவ்வாய் என்று சமையலைப் பிரிப்பார்கள். நீ பிரித்தது தண்ணீரை வைத்து. ஆறு நாளுக்கு ஒரு தடவைதான் நல்ல தண்ணீர் வரும். வருகிற அன்று கீரை, ஏனென்றால் அதைத்தான் மூன்று தண்ணீர் விட்டு அலச வேண்டும். இரண்டாம் நாள் கொத்தவரங்காய். மூன்றாம் நாள் கூரைச் சுரைக்காய். நான்காம் நாள் பச்சைப்பயறு கடைசல். ஐந்தாம் நாள் பூசணிக்காய் மோர்க்குழம்பு, தோலைச் சீவினால் போதும், கழுவ வேண்டாம், அதுவே தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஆறாம் நாள் குடம் காலி. முந்தின நாளே காய்ச்சி வைத்த கம்பங்கூழும் சின்ன வெங்காயமும்தான். இத்தனை பெரிய கணக்கை ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் வருடா வருடம் நடத்தினாயே. கம்பெனியில் ஆர்டர் பிளானிங் பார்க்கிறவர்களை உன்னிடம் ஒரு மாதம் அனுப்பியிருக்க வேண்டும்.

கறி இல்லையே என்று நான்தான் குதிப்பேன். நான் சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவன். தவக்காலத்தில் நாற்பது நாள் கறி தொடமாட்டோம், ஈஸ்டர் அன்று சேர்த்துவைத்துச் சாப்பிடுவோம். நீ இந்தப் பக்கத்துச் சேவூர்க்காரி. ஈஸ்டருக்கு ஒரு நாள் கறிக்குழம்பு வைத்துவிட்டு மறுநாளே பழையபடி காய்க்குப் போய்விடுவாய்.

"உங்க தவசு நாப்பது நாள்ல முடிஞ்சுருமுங்க. என்ற தவசு ஆடி மழை வர்ற வரைக்குமுங்க. இந்த ஷீட்டுக்கு அடியில ரெண்டு மணி நேரம் கறிய வேக வெச்சா நாமளும் சேந்து வெந்துருவமுங்க" என்பாய். நான் முறைத்துக்கொண்டேதான் சாப்பிடுவேன். தட்டு காலியாகிவிடும் என்பது வேறு.

பூசணிக்காய்ச் சண்டை நினைவிருக்கிறதா? கல்யாணமான முதல் வருடம். பூசணிக்காய் வாங்கி வரச் சொன்னாய். நான் பெரிய மஞ்சள் கீற்றாகப் பார்த்து வாங்கி வந்தேன். நீ இடுப்பில் கைவைத்துச் சிரித்தாய். "ஏனுங்க, பூசணி கேட்டா அரசாணியக் கொண்டாந்து நிக்கறீங்க?"

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. மஞ்சளாக இருப்பதுதான் பூசணி, வெள்ளையாக இருப்பது தடியங்காய், எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றேன். மஞ்சள் அரசாணி, வெள்ளைதான் பூசணி, எங்கள் ஊரில் அதைத் தின்கிற மாட்டுக்கும் தெரியும் என்றாய் நீ. இரண்டு நாள் பேசவில்லை நாம். அதற்குப் பிறகு நீ என்னைக் காய்கறி வாங்க அனுப்பவே இல்லை. நம் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போன உன் அண்ணன், மலர் பிறந்ததும் மனம் மாறி ஒரு மூட்டை மஞ்சள் காயைச் சுமந்துகொண்டு வந்தார். "பூசணிக்காய் எதுக்கு மச்சான் இவ்வளவு?" என்று நான் ஆரம்பித்தபோது நீ கண்ணாலேயே என்னை அடக்கினாய். பதிமூன்று வருடத்தில் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நானும் இறங்கவில்லை, நீயும் இறங்கவில்லை.

போன மார்கழியில், ஆஸ்பத்திரியில் இனிமேல் ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பிறகு, என்னிடம் ஒரு பேட்டர்ன் அட்டை கேட்டாய். டி-ஷர்ட்டின் முன்பாகத்தை வெட்ட வைத்துக்கொள்ளும் அட்டை, பழசாகிப் போட்டது. கழுத்து வளைவோடு கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு நாளாகப் படுத்துக்கொண்டே எழுதினாய். "கோடைக்கு எழுதி வெக்கறனுங்க" என்றாய். "மார்கழி மாசம் யாருக்குக் கோடை? நீ எழுந்து நீயே சமைப்பே" என்று கத்தினேன். நீ அட்டையிலிருந்து கண் எடுக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாய். உன்னைத் திட்டியது அதுதான் கடைசி. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

தையில் நீ போய்விட்டாய். பங்குனியில் அந்த அட்டையைத் தேடி எடுத்து, அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினேன்.

ஊரிலிருந்து பாக்கியம் அக்கா போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். "ஏலே சேவியர், ஆம்பளை ஒத்தையில பொம்பளப்பிள்ளைய வச்சி எப்படிலே வளப்ப? லீவு விட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேன். ஜூன்ல இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துருவோம்." அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. எனக்கும் பயம்தான். மலர் நீ போனதிலிருந்து சிரிக்கவில்லை, சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், எழு என்றால் எழுவாள். சரி அக்கா, வா என்று சொல்லிவிட்டேன். மலர் அவள் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். உன் நீலப் புடவையையும் அடியில் வைத்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வெளியே போய்விட்டேன்.

அக்கா வந்த அன்று தண்ணீர் வந்து ஐந்தாம் நாள். அட்டையில் உன் கையெழுத்து: "அஞ்சாம் நாளு – பூசணி மோர்க்கொழம்பு." அதுவரை ஐந்தாம் நாள்களை ரசம் வைத்தே ஒப்பேற்றியிருந்தேன். அன்று அக்காவுக்குக் குறை சொல்ல இடம் தரக்கூடாது என்று காலையிலேயே உழவர் சந்தைக்குப் போனேன். பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அந்தக் கடைக்கார அம்மா சரியானதைத் தந்திருப்பார். நான் வாயைத் திறக்காமல், என் ஊர்ப் பழக்கத்திலேயே கையை நீட்டினேன். நல்ல பழுத்த, மஞ்சள் கீற்று.

உன் அளவுப்படியே தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்டேன். மோர் நுரை கட்டியதும் இறக்கினேன். அக்கா ஒரு வாய் வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னலே இது, கொழம்பா பாயாசமா?"

மலர் எட்டிச் சட்டிக்குள் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், சாந்தா. சோற்றுக் கையை உதறிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்பா, அம்மா பூசணின்னு எழுதுனா அது வெள்ளைங்கப்பா! இது அரசாணி!"

"ஏட்டி, இதுதாம்ட்டி பூசணி. அது தடியங்காய்" என்றாள் அக்கா.

மலர் எழுந்து நின்றாள். இடுப்பில் கை. "இல்லீங்கத்தை. எங்கூர்ல இது அரசாணிங்க." குரல், நிற்கிற நிலை, தலையைச் சாய்த்தது எல்லாம் நீ.

அக்கா விடுகிற ஆளா? என்னதான் எழுதியிருக்கிறாள் பார்ப்போம் என்று அட்டையை ஆணியிலிருந்து கழற்றி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணாடி இல்லாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "பின்னாலயும் என்னவோ கிறுக்கியிருக்கே" என்று மலரிடம் நீட்டினாள்.

இரண்டு மாதமாக அந்த அட்டையைத் தினமும் பார்த்தேன். ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தேனா?

மலர் வாசித்தாள். "அப்பாவுக்கு. கடைக்குப் போனாக் குழப்பிக்குவீங்க, அதனால எழுதறனுங்க. கொத்தவரங்காய்னா உங்கூரு சீனியவரைக்காய். பூசணின்னா உங்கூரு தடியங்காய். அரசாணின்னா..." அங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் படித்தாள். "அரசாணின்னா உங்கூரு பூசணிங்க. அன்னிக்கு நீங்க சொன்னது தப்பில்லீங்க."

நான் அழுதேன். அக்கா முன்னால், மகள் முன்னால், வெட்கம் இல்லாமல் அழுதேன். நான் கத்திக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளில் நீ எனக்குக் கடைக்குப் போகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். உன் வலியோடு படுத்துக்கொண்டு, பதிமூன்று வருடச் சண்டையையும் நீயே முடித்துவைத்தாய். இப்படி ஒருத்தியோடு வாழ்ந்தேன் என்பதே எனக்குப் பெருமைதான்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தாள். "இன்னும் ஒரு கரண்டி ஊத்துலே" என்றாள். அந்தத் தித்திப்புக் குழம்பை மூன்று பேருமாக வழித்துச் சாப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அக்கா தனியாகத்தான் பஸ் ஏறினாள். "பிள்ளை இங்கயே இருக்கட்டும். வீட்டுல ஆளு இல்லன்னுல்லா நெனச்சேன்" என்றாள். மலர் ஒரு நோட்டுத் தாளில் உன் பட்டியலை இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். அன்று சாயங்காலமே உன் நீலப் புடவை பையிலிருந்து பீரோவுக்குத் திரும்பிவிட்டது. சுரைக்கொடி ஹவுஸ் ஓனர் மாடிவரை போய்விட்டது, அவர் முணுமுணுக்கிறார், மலர் அவருக்கு இரண்டு காய் கொடுத்துச் சமாளிக்கிறாள்.

நேற்று ஐந்தாம் நாள். சந்தையில் வாயைத் திறந்து, "அம்மா, பூசணிக்காய் ஒண்ணு குடுங்க" என்றேன். வெள்ளைக்காயைத் தூக்கிக் கையில் கொடுத்தார். பக்கத்தில் மஞ்சளாக ஒன்று இருந்தது. அதையும் காட்டி, "அந்த அரசாணியில ஒரு கீத்து" என்றேன். உனக்குக் கேட்டதா?

ஒவ்வொரு பங்குனிக்கும் இந்த அட்டை ஆணிக்கு ஏறும், ஆடி மழை வரும்வரை இறங்காது. மலரை இந்த வீட்டிலிருந்து நானாக அனுப்பமாட்டேன். இனி உன் எழுத்து எது கிடைத்தாலும் திருப்பிப் பார்ப்பேன். இது சத்தியம்.

அரசாணியை அரசாணி என்றே சொல்லும்,
உன் வீட்டுக்காரன்
சேவியர்