ஆஃப்சைடு தெரியாதவனுக்கு

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று சாயங்காலம் அடையாறில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மகளின் கல்லூரி அட்டையை லேமினேட் பண்ணக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். இயந்திரம் சூடேறி, பிளாஸ்டிக் உறை இளகுகிற அந்த வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், உள்ளுக்குள் பற்றிக்கொண்டது. கடையில் இருந்த பெண் பயந்துபோய், "சார், தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். முகம் அப்படி மாறியிருக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மேல் கோபம் வந்திருந்தது. நீ செத்து எட்டு மாதமாகிறது. உன்னைப் பற்றிய மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. இந்தக் கோபம் மட்டும் நேற்றுப் பிறந்தது போல இருக்கிறது.

உன் கடையில்தான் அந்த வாடை எனக்குப் பழகியது. தெற்கு மாட வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், அதற்கு மேலே சுவரில் ஒரு டி.வி. பால்காரரிலிருந்து கோயில் குருக்கள் வரைக்கும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற பேட்டையில், கால்பந்து பார்க்க நான்கு பேர் கூடுகிற ஒரே இடம் அதுதான். நீ, நான், நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிற அந்தோணி, தி.நகர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிற சண்முகம். உலகக் கோப்பை வந்தால் நீ பிரேசில், அந்தோணி அர்ஜென்டினா. சண்முகத்துக்கு முதல் சுற்றில் எந்த நாடு ஜெயிக்கிறதோ அதுதான் பூர்வீகம். நான் மட்டும் எந்த நாட்டுக்கும் கொடி பிடிக்கமாட்டேன். கணக்கு வாத்தியார் புத்தி, எனக்கு ஆட்ட விதிதான் கட்சி. "இன்னா மச்சி, நீ இன்னா ரெஃப்ரீ வூட்டு மாப்ளையா?" என்று நீ ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதே இல்லை.

வழக்கு என்று வந்துவிட்டால் உன் கடைக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் நான்கு போனும் காலி காகிதப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். யாரும் தேடிப் பார்க்கக் கூடாது, வாயால்தான் வாதாட வேண்டும். பிறகு கை தூக்கி ஓட்டு. கடைசியில் தீர்ப்பை நீயே டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணிச் சுவரில் மாட்டிவிடுவாய். "பெனால்ட்டி ஷூட் அவுட்டில் ஜெயிப்பது ஜெயிப்பே ஆகாது, 2க்கு 2, கடைக்காரர் ஓட்டால் முடிவு." "கோல் காக்கிற கோலி பந்தைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடப்பது அயோக்கியத்தனம், ஏகமனதாக." ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் இதையெல்லாம் படித்துச் சிரிப்பார்கள். ஒருமுறை பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டால் மேல்முறையீடு கிடையாது என்பது நீ போட்ட சட்டம். நாங்களும் தலையாட்டினோம். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

நம் சண்டைக்குக் காரணமான அந்த ஆட்டம் ஆசியப் போட்டியில் நம் நாடு ஆடியது. சாயங்கால ஆட்டம், கடையில் கூட்டம் வேறு. நமக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. எதிரணி கோலி பந்தைக் குத்த வெளியே ஓடி வந்து கோட்டைவிட்டான். நம் ஆள் ஒருவன் தலையால் தட்டிவிட, முன்னால் நின்ற இன்னொருவன் உள்ளே தள்ளினான். சண்முகம் என்னைத் தூக்கியே விட்டான். அந்தோணி விசிலடித்தான். அதற்குள் லைன்ஸ்மேன் கொடி மேலே போய்விட்டது. ஆஃப்சைடு. கோல் இல்லை.

நீ கல்லாவிலிருந்து எழுந்து வந்து கோபத்தில் ஆடினாய். கோந்து பாட்டிலையும் ஸ்டேப்ளரையும் மேஜையில் வைத்து எனக்குப் பாடம் நடத்தினாய். "இதோ பார். இவன் அவங்க டிஃபெண்டர், கோல் கம்பி கிட்ட நின்னுக்கினு கீறான். நம்மாளு இவனத் தாண்டவே இல்ல. அப்பால எப்டி ஆஃப்சைடு? நம்மள ஏமாத்துறானுங்க, நைனா!"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாடே ஏமாந்த மாதிரி எல்லோரும் கத்திக்கொண்டிருந்த நேரம். ஆனால் தப்பு தப்புதானே. "நம்மாளுக்கும் கோலுக்கும் நடுவுல அவங்க ஆளு ரெண்டு பேர் இருக்கணும்டா. வழக்கமா அதுல ஒருத்தன் கோலியா இருப்பான், அதனால ஒரு டிஃபெண்டர் போதும்னு நாம நெனச்சுக்கறோம். இங்க கோலி பின்னால மாட்டிக்கிட்டான். கோல் கிட்ட ஒருத்தன்தான் மிச்சம். ஆஃப்சைடுதான்" என்றேன்.

நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "நம்ம நாட்டு கோலுடா அது" என்றாய். நான், "விதிக்கு நாடு தெரியாது" என்றேன். ஓட்டுப் போட்டோம். மூன்றுக்கு ஒன்று. நீ டைப் அடித்தாய், "நம் நாட்டின் கோலை ஆஃப்சைடு என்று சொன்னவர்" என்று. கீழே பெரிய எழுத்தில் என் முழுப் பெயர். தாளை உறைக்குள் செருகுவதற்கு முன் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஒரு வார்த்தை சேர்த்தாய். துரோகி.

அன்று நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் விதியின் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து உன் முன்னால் வைத்தேன். படித்தாய். இரண்டு தடவை படித்தாய். பிறகு தாளை மடித்துக் கல்லாவில் போட்டுவிட்டு, "மேல்முறையீடு கெடையாது மச்சி" என்றாய். சரி, அட்டை இருந்துவிட்டுப் போகட்டும், அந்தச் சிவப்பு வார்த்தையையாவது எடு என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கெஞ்சினேன். "லேமினேட் ஆனத எப்டி அழிக்கறது?" என்று சிரித்தாய்.

உனக்கு அது விளையாட்டு. என் பள்ளிப் பிள்ளைகள் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க வருவது உன் கடைக்குத்தான் என்பது உனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக்குள் நுழைகிறேன், கரும்பலகையில் அந்த வார்த்தை. யார் எழுதியது என்று கேட்டேன். நாற்பது பேரும் குனிந்துகொண்டார்கள். நானே டஸ்டரை எடுத்து அழித்துவிட்டு இருபடிச் சமன்பாடு நடத்தினேன். இருபது வருஷ சர்வீஸில் ஒரு பட்டப்பெயர் இல்லாமல் தப்பித்தவன் நான். அதற்குப் பிறகு வராந்தாவில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் அந்த வார்த்தை கேட்டுக்கொண்டே இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் நிஜமாகவே கேட்டார், "நீங்க இந்தியாவுக்கு சப்போர்ட் பண்ண மாட்டீங்களாமே சார்?" என்று. மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு பிரேசிலுக்காக ஊளையிடுகிறவன் தேசபக்தன், நான் துரோகி!

அன்றோடு உன் கடைக்கு வருவதை நிறுத்தினேன். அந்தச் சந்து வழியாகப் போக வேண்டியிருந்தால் எதிர்ப்புறமாகப் போனேன். நீ வந்து மன்னிப்புக் கேட்பாய் என்று ஒரு மாதம் பார்த்தேன். நீ வரவில்லை. பிறகு பழிவாங்குவது என்று முடிவெடுத்தேன். விதிப்புத்தகம் முழுவதையும் உருப்போட்டேன். அடுத்த உலகக் கோப்பையில் நீ எங்காவது வாயைவிடுவாய், கூட்டத்துக்கு நடுவில் உன்னைப் பிடித்து, உன் மெஷினிலேயே உன் பெயரை லேமினேட் பண்ண வைப்பேன் என்று கறுவிக்கொண்டேன். வீட்டில் நடந்துகொண்டே ஒத்திகை பார்ப்பேன். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. நீ ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

உன்னை எடுத்த அன்று வந்தேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கடைசி நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடிவிட்டான் பாவி என்றுதான் தோன்றியது.

கடையைக் காலி பண்ணுகிற வாரம் உன் மனைவி எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டாள். வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அந்தோணி உன் மஞ்சள் சட்டையை எடுத்துக்கொண்டான், அர்ஜென்டினாக்காரன்! சண்முகம் டி.வி. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். நான் சுவரைப் பார்த்தேன். என் அட்டை அங்கேயே இருந்தது. மற்றதெல்லாம் தூசி படிந்து கிடக்க, அது மட்டும் துடைத்து வைத்தது போல இருந்தது. எனக்கு இன்னும் எரிச்சல் கூடியது.

"போனையெல்லாம் பெட்டியில போடுங்க" என்றேன். "மறுபடி ஓட்டெடுக்கப் போறோம்."

அந்தோணி முறைத்தான். "செத்தவன் கைல போய் ஜெயிக்கப் போறியா? வெக்கமா இல்ல ஒனக்கு?"

"இல்லை" என்றேன். உண்மையாகவே இல்லை. கோந்து பாட்டிலையும் ஸ்டேப்ளரையும் வைத்து, அந்த கோலை மறுபடி நடத்திக் காட்டினேன். சண்முகம், "ஆமா வாத்தியாரே, அது ஆஃப்சைடுதான், அன்னிக்கே தெரியும்" என்று கையைத் தூக்கினான். அன்றைக்கே தெரிந்தவன் அன்றைக்கு ஏன் தூக்கவில்லை என்று கேட்கத் தோன்றியது, விட்டுவிட்டேன். அந்தோணியும் முணுமுணுத்துக்கொண்டே தூக்கினான். மூன்றுக்குப் பூஜ்யம். உன் கம்ப்யூட்டரிலேயே டைப் அடித்தேன்: "இந்தக் கடைக்காரருக்கு ஆஃப்சைடு தெரியாது." உன் முழுப் பெயரையும் போட்டேன். மெஷினைப் போட்டுச் சூடேறக் காத்திருந்தேன்.

அப்போது உன் மனைவி டீ கொண்டுவந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, சண்டைக்குத் தயாராகவே நின்றேன். அவள் சிரித்தாள்.

"இது அவருக்கே தெரியும்ணே. நீங்க தாளக் கொண்டாந்து காட்டுன அன்னிக்கி ராத்திரி சோத்துல கைய வச்சிக்கினே சொன்னாரு, 'அவன் சொன்னதுதான் கரெக்ட்டு, நாந்தான் தப்பு'ன்னு. அப்ப அந்த அட்டைய எடுத்துட வேண்டியதுதானேன்னு கேட்டேன். 'எடுத்துட்டா அவன் எதுக்கு வருவான்? அது தொங்குனாதான் என்னிக்கினா ஒருநாள் சண்ட போட வருவான்'னாரு. டெய்லி காலைல அதத் தொடச்சிட்டுத்தான் கடையத் தெறப்பாரு."

அந்தோணி அழ ஆரம்பித்துவிட்டான். நானும் அழுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். மடையா, ஒரு போன் பண்ணியிருக்கலாமே! எதிர்ப்புறமாக நான் போவதைப் பார்த்திருப்பாயே, ஒரு குரல் கொடுத்திருக்கலாமே! தோற்றுவிட்டதைப் பெண்டாட்டியிடம் சொல்லத் தெரிந்தவனுக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. மூன்று வருஷம் நான் உன்னை எப்படித் தோற்கடிப்பது என்று தூக்கம் கெட்டுக் கிடந்தேன். நீ முதல் நாளே தோற்றுவிட்டு, அதை எனக்குத் தெரிவிக்காமல் சௌகரியமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாய். துரோகி என்று எழுதியதைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். இதை மன்னிக்க முடியாது.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. தாளை உறைக்குள் வைத்து உள்ளே விட்டேன். சுவரில் என் அட்டைக்குப் பக்கத்தில் மாட்டினேன். கடையை ஒப்படைக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் அது அங்கே தொங்கியது. உன் மனைவி கழற்றச் சொல்லவில்லை.

இப்போது ஆட்டம் எல்லாம் வீட்டிலேயே பார்க்கிறேன். அந்தோணியும் சண்முகமும் கூப்பிட்டார்கள், போகப் பிடிக்கவில்லை. அவர்கள் நான் சொன்னதையெல்லாம் உடனே ஒப்புக்கொள்கிறார்கள், அதில் என்ன இருக்கிறது? வீட்டில் ஏதாவது ஒரு கோலில் தகராறு வந்தால் உன் கட்சியையும் நானே பேசுகிறேன். "நம்மள ஏமாத்துறானுங்க, நைனா" என்று உன் குரலில் கத்துகிறேன். பிறகு என் குரலில் பதில் சொல்கிறேன். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருப்பா வந்திருக்காங்க?" என்று கேட்டாள் ஒருநாள்.

உன் கட்சியை நான் ஒழுங்காகப் பேசுவேன் என்று மட்டும் நினைக்காதே. வேண்டுமென்றே உளறுகிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் நீ தோற்கிறாய்.